எண் குறைந்த நாள்

எஸ்தர் போய்விட்டாள் என்ற செய்தி மெட்ராஸ் பஸ்ஸில் வந்தது. அவள் கணவர் தேவராஜ் அண்ணன் பஸ் கண்டக்டர். எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் போன் கிடையாது. அதனால் அவள் கண் மூடியதும் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போய், காஞ்சிபுரம் புறப்பட நின்ற வண்டியின் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் இங்கே வந்து இன்னொரு கண்டக்டரிடம் சொல்ல, அந்த மனிதர் தோளில் டிக்கெட் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். காத்திருந்தவர்கள், அவரும் ரத்தம் கொடுக்க வந்தவர் என்று நினைத்து பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"அண்ணி போய்ட்டாங்கம்மா. விடிகாலையில. தேவராஜ் அண்ணன் சொல்லி அனுப்பிச்சாரு."

அப்போது ஒரு பெரியவரின் கையில் என் ஊசி இருந்தது. சிரிஞ்சில் ரத்தம் பாதி ஏறியிருந்தது. மீதியையும் எடுத்தேன். பஞ்சு வைத்து அழுத்தி, அவர் முழங்கையை மடக்கிவிட்டேன். பிறகு பின்னால் பாட்டில்கள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி சபையார் கேட்டார்கள். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. அவளோடு ஒரே மேஜையில் பல வருடம் வேலை செய்தவள், அவ்வளவுதான். இதைக் கேட்கிறவர்களில் பலர் அவளிடம் கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. மஞ்சள் காமாலை என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எஸ்தர் முசரவாக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியிலேயே ரத்தப் பரிசோதனைப் பயிற்சி முடித்து வந்தவள். நானும் அவளும் ஒரே மாதத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில்; காலையில் எழுந்ததும் தறிச் சத்தத்தில்தான் நான் பல் துலக்குவேன். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் உரக்கப் பேசிப் பழகிவிட்டேன். முதல் நாளே அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னா சுலோ, நான் பக்கத்துலதானே நிக்கிறேன். அடுத்த தெருவுக்கு ஏன் பேசிக்கினு இருக்கிற?"

ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களிடம் நாங்களெல்லாம் வலிக்காது என்று சொல்லுவோம். அவள் சொல்லமாட்டாள். ஒருமுறை ஒரு ஜரிகைக் கடைக்காரர், ஊரில் பெரிய மனிதர், ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எஸ்தர் அவர் கையைப் பிடித்தபடி, "வலிக்கும் சார். உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா ஆகப்போவுது? ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிந்ததும், "முடிஞ்சிதாமா?" என்று நம்பாமல் கேட்டார். அதற்குப் பிறகு அவர் எஸ்தர் இல்லாத நாளில் வரவே மாட்டார்.

எங்கள் டாக்டர் ஈரலுக்கான புதுப் பரிசோதனையை இங்கே கொண்டுவந்தது அதற்குப் பிறகு. அதுவரை மெட்ராஸுக்கு அனுப்பிக் காத்திருப்போம். எஸ்ஜிபிடி என்று அதற்குப் பெயர். ஈரலின் செல்களுக்குள்ளே இருக்கும் ஒரு நொதி அது. ஈரலில் அழற்சி வந்து செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிந்துவிடும். உறைந்த ரத்தத்தின் மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, மருந்து நீர்களோடு கலந்து, உடல் சூட்டில் வைத்திருந்தால் பழுப்பு நிறம் வரும். நிறம் அழுத்தமாக இருந்தால் நொதி அதிகம். கலரிமீட்டர் என்ற கருவி அந்த நிறத்தை எண்ணாக்கும். நாற்பதுக்குள் இருந்தால் நல்லது.

இந்த எண் எதற்கு என்று ஒரு சாயப்பட்டறைக்காரர் கேட்டபோது எஸ்தர் சொன்ன விளக்கத்தை டாக்டர்கூடப் பிறகு மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். "ஊட்டுக்குள்ள இருக்க வேண்டிய பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுல வந்து விழுதுன்னா இன்னா அர்த்தம்? உள்ள சண்டை நடக்குதுன்னுதானே. எவ்ளோ விழுதுன்னு எண்ணிப் பாக்கறதுதான் இது."

அந்தத் தெளிந்த நீரை அளந்து எடுப்பதற்குப் பிப்பெட் என்ற மெல்லிய கண்ணாடிக் குழாய் உண்டு. ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சவேண்டும். கோடு வரை ஏறியதும் வாயை எடுத்து விரலால் அடைத்துவிடுவோம். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்தார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒருநாள் வேலை மும்முரமாக இருந்தபோது ஒரு குழாயில் நீர் அளவுக்குக் குறைவாக இருந்தது. எஸ்தர் உறிஞ்சியபோது காற்று நுழைந்து, நீர் சட்டென்று மேலேறி அவள் வாய்க்குள் போய்விட்டது. ஓடிப்போய்த் துப்பினாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். "த்தூ, உப்புக் கரிக்குதுடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அது காமாலை நோயாளி ஒருவருடைய ரத்த மாதிரி.

அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எங்கள் கைகளில் ஊசி குத்தாத வாரம் கிடையாது. ஆனால் சில மாதங்களில் எஸ்தரின் கண்கள் மஞ்சளாயின. சோறு பிடிக்கவில்லை. ஒரு மாதம் வீட்டில் கிடந்தாள். பிறகு மஞ்சள் தெளிந்தது, பசி திரும்பியது, வேலைக்கும் வந்துவிட்டாள். எல்லாரும் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள், மற்றவர்களின் ரத்த மாதிரிகளோடு தன்னுடையதையும் ஒரு குழாயில் போட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா. சாயங்காலம் ஆனா கால் நடக்கமாட்டேங்குது" என்றாள். மருந்து நீர் சேர்த்ததும் வரிசையில் ஒரு குழாய் மட்டும் காப்பி டிகாக்ஷன் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"குழாய் மாறிப்போச்சா பாரு சுலோ."

மாறவில்லை. முந்நூற்றுக்கு மேல் காட்டியது. மறுநாள் புதிதாக எடுத்துப் போட்டோம். அதேதான்.

டாக்டர் அவளை மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே விலாவில் ஊசி போட்டு ஈரலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி நின்றுபோகாமல் உள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது, நாள்பட்டதாகிவிட்டது என்றார்கள். அழற்சியை அடக்கும் பிரட்னிசலோன் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எண்ணைப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார்கள்.

முதலில் கேட்டது. எண் இருநூறாகி, நூறாகி, கடைசியில் நாற்பதுக்கு வந்து நின்றது. மாத்திரையால் அவள் முகம் ஊதி உருண்டையானது. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம், "நல்லா சதை போட்டுட்டம்மா, இப்பதான் லட்சணமா இருக்குது" என்றார்கள். அவளும் தலையாட்டிக்கொண்டு வருவாள். மேஜைக்கு வந்ததும் என் கையைக் கிள்ளி, "லட்சணமா இருக்கிறேனாம்டி" என்பாள். அந்தச் சில மாதங்களில்தான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். செவிலிமேட்டில் புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டில் அவள் எங்களுக்குச் சாப்பாடு போட்டாள். தேவராஜ் அண்ணன் டிக்கெட் கிழிக்கிற பாவனையில் ஆளுக்கு ஒரு வாழையிலை கொடுத்தார்.

மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்ததும் எண் ஏறியது. கூட்டினால் இறங்கியது. பிறகு கூட்டினாலும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எஸ்தருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வாரம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு நாளுக்கொரு முறை. டாக்டர் கண்டித்தார். "அடிக்கடி பார்த்தா மட்டும் ஈரல் குணமாயிடாது எஸ்தர்." அவர் எதிரில் தலையாட்டினாள். ஒருநாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தபோது, பாட்டில் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ரப்பர் குழாயைச் சுற்றி, அதன் முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு, வலது கையால் தனக்குத்தானே ஊசி குத்திக்கொண்டிருந்தாள். முழங்கை மடிப்பு முழுக்க நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பல்லை எடுக்காமலேயே அழுதாள்.

"எடு அதை. நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

"கோவமாடி?"

"இல்ல. தனியா எடுக்காத, அவ்ளோதான்."

அன்றிலிருந்து நானே எடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் கேட்கவில்லை.

அவள் அம்மா விடியற்காலையில் கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரில் கலந்து, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு முசரவாக்கத்திலிருந்து வருவார். எங்கள் வாசலிலேயே நின்று, மகள் குடித்து முடிக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புவார். ஒரு மழைநாளில் சேலையெல்லாம் சேறாக வந்து நின்றார். அன்றைக்கு எண் முன்னைவிட ஏறியிருந்தது. எஸ்தர் அதை எழுதிய சீட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"எவ்ளோ இருக்குது பாப்பா? கொறைஞ்சிதா?"

"கொறைஞ்சிதும்மா. நீ குடுக்கிறதுதான் கேக்குது."

யாருக்கும் தப்பான எண் சொல்லி நான் பார்த்திராத எஸ்தர் அதைச் சொன்னாள். அம்மா காலித் தூக்கை வாங்கிக்கொண்டு, மழையில் ஓடுகிற மாதிரி நடந்து போனார். அடுத்த நாளிலிருந்து தூக்கு இன்னும் பெரிதாக வந்தது.

அவளுக்கு இருந்த பயங்களில் பெரியது தன்னைப் பற்றியது இல்லை. இந்த நோய் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகலாம் என்று மெட்ராஸில் ஒரு டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். மகள் கிரேசி அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பல மாதங்கள் எஸ்தர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்கும் கண்ணு. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். என்னைத்தான் எடுக்கச் சொன்னாள். குழந்தையின் கையைத் தானே நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அதற்குள், வாயால் உறிஞ்சாமல் கையால் அழுத்தி எடுக்கும்படி பிப்பெட்டுக்கு ரப்பர் பல்புகள் வாங்கிப் போட்டிருந்தார். அவசரத்தில் நான் பழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனேன். எஸ்தர் என் மணிக்கட்டைத் தட்டினாள்.

"பல்பு போடு! என் பொண்ணு ரத்தமா இருந்தாலும் பல்பு போட்டு எடு."

நிறம் வரும் வரை அவள் குழாயைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கருவியில் வைத்துப் படித்தேன். பதினெட்டு. சொன்னேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, கிரேசியின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழந்தை தனக்கு வலித்ததற்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து, "வலிக்கலம்மா, வலிக்கலம்மா" என்றது.

"போதும் சுலோ. இவ தப்பிச்சிக்கினா போதும்" என்றாள் எஸ்தர். அதன்பிறகும் மாதாமாதம் கிரேசிக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எப்போதும் நன்றாகவே இருந்தது. இனியும் பார்ப்பேன்.

மார்கழி முடிந்ததும் அவள் கால்கள் வீங்கின. வயிற்றில் நீர் சேர்ந்தது. கண் மறுபடி மஞ்சளானது. எண் அறுநூற்றைத் தாண்டியது. அவளால் வேலை செய்ய முடியவில்லை. ஆனாலும் தேவராஜ் அண்ணன் அவளை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைப்பார். தன் குழாயைத் தானே பார்க்கவேண்டும் என்பாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கசிவு நிற்காது. அது எதைக் காட்டுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ரத்தம் உறைவதற்கு வேண்டியதை உண்டாக்குவது ஈரல்தான்.

அதற்கு அடுத்த வாரம் எண் எழுபது.

நான்தான் படித்தேன். வாசலில் நின்றிருந்த தேவராஜ் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "எழுபதா? அறுநூத்துலேர்ந்து எழுபதா?" என்று உள்ளே வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரையும் எதுவும் கேட்காமல் வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பொட்டலம் லட்டோடு வந்து, காத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். "என் சம்சாரத்துக்கு கொறைஞ்சிடுச்சி, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க."

எஸ்தர் ஜன்னலருகில் குழாயைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிறிய நிறம்.

"பிலிருபின் போடு" என்றாள் மெதுவாக.

போட்டேன். மஞ்சளின் அளவைக் காட்டும் அந்த எண் போன வாரத்தைவிட இரண்டு மடங்காகியிருந்தது. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தேன். சிறு குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் தண்ணீராகவே ஓடியது. அழற்சி அடங்கவில்லை. சிதைவதற்கு ஈரலில் செல்கள் மிச்சமில்லை. அதனால்தான் நொதி குறைந்திருந்தது. நான் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"தெரியும்டி" என்றாள். வாசலில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அவருகிட்ட இன்னிக்கி சொல்லாத. இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டும்."

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல், இன்னும் சில பரிசோதனைகளுக்காகக் காலையிலேயே மெட்ராஸ் போகவேண்டும் என்று தேவராஜ் அண்ணனிடம் சொல்லி, தன் காரையே அனுப்புவதாகச் சொன்னார். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

காலையில் கார் எங்கள் வாசலில் நின்றது. எஸ்தர் பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். பேச்சு குழறியது. என்னைச் சுலோ என்று கூப்பிட்டாள். பிறகு அம்மா என்று கூப்பிட்டாள். நான் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். கார் வேகம் பிடித்ததும் கையை எடுத்துவிட்டேன். அதன்பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை.

முசரவாக்கத்தில் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தேவராஜ் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நம்பரு கொறைஞ்சிதேம்மா. அப்புறம் எப்படிமா?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். 

"அன்னிக்கே அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணா."

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கி ராத்திரி என்கூட உக்காந்து ஒரு முழு லட்டு தின்னாம்மா. வாய்க்கு ஒண்ணுமே புடிக்காதவ. நான் இன்னும் ஒண்ணு குடுத்தேன். அதையும் வாங்கிக்கினா."

 

போன வாரம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், காமாலையிலிருந்து தேறிவரும் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டுத் தறி நெய்கிறவர், சின்ன வயது. அவருடைய எண் முந்நூற்றிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. பிலிருபின் போட்டேன், சரியாக இருந்தது. ரத்தம் நேரத்துக்கு உறைந்தது. நம்பாமல் இன்னொரு முறை எல்லாவற்றையும் போட்டேன். அவர் உண்மையாகவே குணமாகிவிட்டார். அந்தப் பெண் வாசலில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"கொறைஞ்சிருக்குதாக்கா?"

 அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் பயந்துபோய்க் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னேன். எஸ்தர் இருந்திருந்தால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள், அவர்களும் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். அவளுடைய சிரிப்பு என்னிடம் வரவில்லை. குறைந்த எண்ணைக் கண்டால் வருகிற இந்தப் பயம் மட்டும்தான் அவளிடமிருந்து என்னிடம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லாததால், அதையே விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.